முழுகாம கீறியா?

திருப்பதி ஷாப்பிங் மாலின் வீடியோ விளையாட்டுக் கடையில், கண்முன் வேறு உலகத்தைக் காட்டும் விஆர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சிவசங்கரி குப்பைத் தொட்டியில் வாந்தி எடுக்கிறாள். நின்ற இடத்திலேயே அதற்குள் மலையேறி ஓடியதில் தலை இன்னும் சுற்றுகிறது, பாட்டு அலறுகிறது. முதுகைத் தடவும் மாமியார் பொன்னியம்மாவின் முகத்தில் மட்டும் கல்யாணக் களை. “முழுகாம கீறியாமா?” “ஐயோ அத்தே, இந்தக் கண்ணாடியாலதான்!” “சும்மா இரு, மூணு வருசமா வேண்டிக்கினு கீறேன்.” கடைக்காரன் சிரிக்கிறான்: “லேடீஸுக்குத்தான் இப்பிடி. ஜென்ட்ஸுக்கு ஒண்ணும் ஆவாது.” அதைக் கேட்டு மார்பை நிமிர்த்திக் கண்ணாடியை மாட்டிய கணவன் தேவேந்திரன் நாலு குதி குதிக்கிறான், நிற்கிறான், வாயைப் பொத்திக்கொண்டு தொட்டிக்கு ஓடி வருகிறான். “வெயில்ல அலைஞ்ச பித்தம்,” என்று பொன்னியம்மா சோடா கேட்கிறாள். சிவசங்கரி வாயைத் துடைத்துக்கொண்டு அவனுக்கு இடம் விடுகிறாள். “உங்க புள்ளையையும் கேளுங்க அத்தே, எத்தினி மாசம்னு.”