பொட்டு வைத்த கதவு

பூசை அலமாரிக்குச் செய்த புதுக் கதவை இரண்டு முக்காலிகளின் மேல் கிடத்தி, உமாசுதன் லேக்கர் மெருகு பூசுகிறான். சிங்கப்பூர் கிளமெண்டி வீட்டின் ஜன்னல் வெயிலில் தேக்கு வெனியர் மேலொட்டின் ரேகைகள் ஈரமாக மின்னுகின்றன. பூச்சு கண்ணாடிபோல் பரவிவந்து, நடுவில் ஓரிடத்தில் மட்டும் ஒட்டாமல் விலகி, விரல் நுனி அளவுக்குக் குழிகிறது. மறுபடி தூரிகையை இழுக்கிறான். மறுபடியும் விலகுகிறது. “அண்ணி, விளக்குக்கு எண்ணெய் ஊத்தின கையோட இதுல பொட்டு வச்சீங்களா?” அறை வாசலில் நிற்கும் அண்ணன் மனைவி தாரகா கையைக் கட்டிக்கொள்கிறாள். “புதுக் கதவுலா. பொட்டு வைக்காம விடுவாங்களா? அதான் நீ தொடச்சிட்டியே.” “சந்தனம் போச்சு. எண்ணெய் போகல.” “அப்ப உனக்குத் தொடைக்கத் தெரியல.” பூச்சு காயும்வரை இருவரும் அசையவில்லை. வெளியே எம்ஆர்டி ரயில் இரைந்துகொண்டு போகிறது. பிறகு அவன் உப்புத்தாளை எடுத்து அந்தக் குழியைத் தேய்க்கிறான். குழி போய்விடுகிறது, அவன் கை நிற்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டே தேய்க்கிறான். தேக்கு என்று மேலே ஒட்டியிருப்பது காகிதத்தைவிடக் கொஞ்சம்தான் தடிமன். ரேகைகள் தேய்ந்து, அடிப்பலகை வெளேரென்று பல்லிளிக்கிறது. அவன் கை அப்படியே நிற்கிறது. தாரகா உள்ளே போய், சந்தனக் கிண்ணத்தோடு திரும்பி வருகிறாள். குனிந்து, அந்த வெளுத்த இடத்தின் மேலேயே விரலை அழுத்திப் பொட்டு வைக்கிறாள். “இப்ப தொடச்சிப் பாரு.”