மேசையில் ஒரு சாண் இடம்

இரண்டு வருடத்தில் அறுபத்திரண்டு கிலோ குறைத்தாள் ஹம்சவேணி. உடம்பு போய்விட்டது, வயிற்றுத் தோல் மட்டும் போக மறுத்து, அரிசி தீர்ந்த சாக்குப்போலத் தொடை வரை தொங்கியது. மடிப்புக்குள் வேர்த்துப் புண்ணாகாமல் இருக்க, பழைய வேட்டியைக் கிழித்து நாளைக்கு மூன்று துணி மாற்றி வைத்தாள். அப்படியும் புண்ணானது. அந்தத் தோலை வெட்டி எடுக்க வேண்டும் என்று டாக்டர் எழுதிக்கொடுத்ததை இன்சூரன்ஸ் ஆபீஸ் திருப்பி அனுப்பியது. 'இது அழகுக்கான அறுவை சிகிச்சை. பணம் தர இயலாது.'

கடிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்த மேலாளர் வரதராஜுலுவின் முன்னால் போய் நின்றாள். மடிப்பிலிருந்த துணியை உருவி, அவர் மேசையில் அந்தக் கடிதத்தின் மேலேயே விரித்தாள். சீழும் ரத்தமும் ஊறியிருந்தன.

"இதுல எது அழகுன்னு காட்டுங்க சார்."

"எடும்மா அதை. ரூல்ஸ் நான் போட்டதில்ல."

"கையெழுத்து நீங்க போட்டதுதான? நாளைக்கு இன்னொண்ணு கொண்டாறேன்."

கொண்டுவந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். வாசலில் மறித்த காவலாளியிடம், "அப்ப நீயே குடுத்துடு" என்று துணியை நீட்டினாள். அவன் வழிவிட்டான்.

ஒன்பதாம் நாள் அவள் தலையைக் கண்டதுமே வரதராஜுலு காகிதங்களை ஒதுக்கி, மேசையில் ஒரு சாண் இடம் விட்டார்.

"இன்னைக்குத் துணி கொண்டாரல சார்" என்றபடி சேலையை இடுப்பில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினாள். மேசையில் அவர் விட்ட இடத்தைக் கண்ணால் அளந்தாள்.

"தோலுக்கு இது பத்தாது. அந்த போனையும் நகத்துங்க."