மூத்த தாரம்

1911-ஆம் வருஷம், கல்கத்தாவில் பவானிபூர் தமிழ் வாசகசாலையில் அனந்தகிருஷ்ணன் தம் சரித்திர நாவலைப் பற்றிப் பேசினார். மறக்கப்பட்ட பெண்களின் கதை என்றார். தஞ்சாவூர்ப் பக்கத்துத் தாசில்தார் ஒருவர், பிள்ளையில்லாத மூத்த தாரத்தைப் பின்கட்டில் அடைத்துவைத்து, அப்படி ஒருத்தியே இல்லை என்று ஊருக்குச் சொன்னாராம்.

என் தகப்பனார் அந்தப் பக்கத்தில் தாசில்தாராக இருந்தவர். நான் எழுந்தேன்.

"எங்கப்பாவுக்கு ஒரே பத்னி, எங்கம்மா. வேற யாரும் கிடையாது. இந்தப் பொய் அச்சுல இருக்கப்படாது."

"நான் யார் பேரையும் சொல்லலையே, மாமா" என்றார் அவர்.

பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "நானும் சொல்லப்படாது. ஆத்துக்காரர் பேராச்சே. அதோ நிக்கறானே, அவனோட அப்பா."

யாரோ சிரித்தார்கள். எனக்கு அறுபத்திரண்டு வயது. கல்கத்தாவில் என்னை 'அவன்' என்று சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை.

நான் போய்த் திரையை விலக்கினேன். மழையால் வேறு பெண்கள் வரவில்லை. பெஞ்சின் இந்த ஓரத்தில் என் மனைவி மீனாக்ஷி மட்டும் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அப்பால், சுவர் வரை பெஞ்சு காலியாக இருந்தது.

"யார் பேசினது?" என்று கேட்டேன்.

மீனாக்ஷி தலைப்பை இழுத்துக்கொண்டு, முழங்கால்களை ஒரு பக்கமாக ஒடுக்கி வழிவிட்டாள்.

"வழியை மறைச்சுண்டு நிக்காதேங்கோ" என்றாள். "பெரியம்மா வெளியே வரணுமாம்."

சபை முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, நான் நகர்ந்து நின்றேன்.