பக்கத்துப் பாதை

நிஷானி மன்னாரில் எட்டு வருடம் கண்ணிவெடி அகற்றியவள். தங்கை ஜெனோஜாவைப் பார்க்க மெல்பேர்ன் வந்திருந்தாள். தங்கையின் கணவன் நொயல், முன்னொரு காலத்தில் தங்கம் தோண்டிய வெளியொன்றுக்கு அவளைக் கூட்டிப்போய், உலோகம் தேடும் கருவியைக் கையில் கொடுத்தான்.

கருவி ஒலித்ததும் அவள் முழந்தாளிட்டு, பக்கவாட்டிலிருந்து மண்ணைச் சுரண்டினாள். அரை மணி நேரத்தில் ஒரு குதிரை லாடம் வந்தது.

"இப்பிடிச் சுரண்டினா விசா முடிஞ்சிடும் அக்கா. சும்மா கொத்துங்கோ, இங்க ஒண்டும் வெடிக்காது."

"கை கேக்குதில்லை நொயல்."

அவள் எழுந்து நடந்தபோது இடப்பக்கம் இன்னொரு கருவி ஒலித்தது. அங்கே யாரும் இல்லை. அவள் முழந்தாளிட்டால் அது நின்றது, எழுந்தால் தொடர்ந்தது. கண்ணிவெடி நிலத்தில் ஒருத்தி தோண்டும்போது பக்கத்துப் பாதையில் இருப்பவள் நின்று காத்திருக்க வேண்டும். மன்னாரில் நிஷானியும் பக்கத்துப் பாதைக்காரி பேர்ளும் அப்படித்தான் வேலை செய்தார்கள். ஒருநாள், நிஷானி சோதித்து, வெடி இல்லை என்று கையெழுத்து வைத்த நிலத்தில் பேர்ள் கால் வைத்தாள்; வெடித்துச் செத்தாள். சோதித்தபோது தன் காதுக்குத் தப்பிய ஒலி எது என்று நிஷானிக்கு இன்றுவரை தெரியாது.

இடப்பக்கத்து ஒலி ஒரே இடத்தில் நீண்டு ஓய்ந்தது. யாரோ முழந்தாளிட்டதுபோல அங்கே புல் இரண்டு இடத்தில் அமுங்கியது.

நிஷானி தன் கருவியை நிறுத்தினாள்.

"வாங்கோ அக்கா, ஜெனோஜா சாப்பாட்டோட பாத்துக்கொண்டிருப்பா."

"கொஞ்சம் பொறு. அவள் இன்னும் எடுத்து முடிக்கேல்லை."

"ஆர்?"

அமுங்கிய புல்லுக்கு முன்னால், பக்கவாட்டில், மண் பிடி பிடியாகக் குவிந்துகொண்டிருந்தது.