ஒரே இடத்தில் திருத்தினால் போதும்

தேயிலை கம்பெனி வெப்சைட்டின் எல்லாப் பக்கங்களிலும் அதே பிஎச்பி புரோகிராம் ஃபங்ஷன்கள் ஒட்டப்பட்டிருந்தன. கெஸியா அலுப்புடன் அவற்றைப் பொதுவான ஒரே ஃபைலுக்கு மாற்றினாள். அதனால் வெப்சைட் தொடங்கும் நாள் தள்ளிப்போனது.

"அதுல ஒரு தப்பு வந்தா எல்லாப் பக்கமும் தப்பாயிருமேங்க?" என்றான் உடன் வேலை செய்யும் நவநீதன்.

"அங்க மட்டும் திருத்துனா எல்லாம் சரியாயிருமுங்க."

காந்தலிலிருந்து மாமியார் அழைத்தாள். "ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வர்றியா கண்ணு?"

ஆளாளுக்கு விளக்கம் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. "நாள் தள்ளிப் போயிருச்சுங்க அத்தை, வர முடியாது. எல்லார்த்துக்கும் நீங்களே சொல்லிருங்க."

சாயங்காலத்துக்குள் நாத்தனார் முதல் பாஸ்டரம்மா வரை வாழ்த்திவிட்டார்கள். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து கெஸியா முழுகாமல் இருக்கிறாளாம்!

மாமியாரை அழைத்தாள்.

"ஏசப்பா கண்ணத் தொறந்துட்டாரு தங்கம்," என்று அத்தை விம்மினாள்.

திருத்த வேண்டிய இடம் ஒன்றுதான். கெஸியாவுக்கு வாய் வரவில்லை.