திறக்காத விளையாட்டு

நஸ்ரின் வீட்டில் ஒரு வீடியோ கேம் பெட்டியும், அவள் ஆசையாய் வாங்கிய பந்தய விளையாட்டு வட்டும் இருந்தன.

ஒருநாள் காலை பெட்டி வட்டிடம் சொன்னது: "தம்பி, இனி உன்னை என்னால ஓட்ட முடியாது."

"ஏன்ணே? நேத்துகூட நல்லாத்தானே ஓடினேன்?"

"உன்னைச் செஞ்ச கம்பெனியை எங்க போட்டிக் கம்பெனி வாங்கிடுச்சு. இனி அவங்க பெட்டியில மட்டும்தான் நீ ஓடணுமாம். உன்னைப் பூட்டச் சொல்லிட்டாங்க."

"என்னை வாங்கினது நஸ்ரின்தானே? அவகிட்ட கேட்டாங்களா?"



மாலையில் நஸ்ரின் வட்டைப் போட்டாள். திரை இருண்டே கிடந்தது. தூசியாக இருக்கும் என்று நினைத்து, துப்பட்டா நுனியால் மெதுவாகத் துடைத்து மறுபடி போட்டாள்.

"அவகிட்ட உண்மையைச் சொல்லிடுங்கண்ணே," என்று வட்டு கெஞ்சியது.

பெட்டிக்கு அதற்கு அனுமதி இல்லை. நஸ்ரின் இன்னொரு முறை துடைத்தாள்.