கழி திரும்பும் அகலம்

"கடப்பாரையைக் கீழ போடுங்க! யாரைக் கேட்டுச் சுவரை இடிக்கிறீங்க?"

தேவிப்ரியா டீச்சர் போட்ட சத்தத்தில் பூமாலைக்குக் கை அப்படியே நின்றுவிட்டது.

"மூலையில ரெண்டு கல்லு மட்டுந்தான் டீச்சர். கழி திரும்ப மாட்டுது."

"கழி எதுக்குத் திரும்பணும்? இது எத்தனை தலைமுறைக்கு முன்னால வெச்ச சுவர் தெரியுமா?"

"தெரியும் டீச்சர். வெச்சது எங்காளுங்கதான்."

"அப்போ உங்களுக்குத்தான் அக்கறை ஜாஸ்தி இருக்கணும்."

கல்வராயன் மலையில் தார் ரோடு வருவதற்கு முந்தைய கல்பாதை அது. கடுக்காயும் புளியும் அந்த வழியாகத்தான் சந்தைக்கு இறங்கின. இப்போது, தார் ரோடு போய்ச் சேராத பூமாலையின் ஊர்க்காரர்களைத் தவிர மற்றவர்கள் மறந்துவிட்டார்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து டீச்சரும் பத்துப் பேரும் ஞாயிறுதோறும் வந்து, ஒரு பைசா வாங்காமல், அடிவாரத்திலிருந்து உண்ணிச்செடியை வெட்டி வழியைத் திறந்துகொண்டிருந்தார்கள்.

பூமாலையும் மேலேயிருந்து வருவார். ஆனால் செடி வெட்ட மாட்டார். எட்டடி மூங்கில் கழியைத் தோளில் வைத்து, ஒவ்வொரு வளைவிலும் அதோடு திரும்ப முடிகிறதா என்று பார்ப்பார். கழி எங்கே இடிக்கிறதோ அங்கே கடப்பாரை விழும். மேலே இருக்கும் ஐந்து வளைவுகளை இப்படியே அகலமாக்கிவிட்டார். மிச்சம் இருந்தது அடிவாரத்துக்கு முந்தின இந்தக் கடைசி வளைவுதான்.

மனுஷன் நடக்க மூன்றடி போதாதா? டீச்சருக்குச் சந்தேகம் வந்துவிட்டால் அது ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. லேசில் வளையாது.

"மேல டெண்ட் போட்டு டூரிஸ்டுக்கு விடப்போறாங்களாமே? பைக் ஏறணும்னா தார் ரோடு இருக்கு. இனிமே நீங்க வர வேணாம்."

பூமாலை என்னவோ சொல்ல வாயெடுத்தார். அப்புறம் கழியை எடுத்துக்கொண்டு மேலே ஏறிப் போய்விட்டார்.

"பாவம் டீச்சர். பத்து ஆள் வேலைய ஒண்டியா செய்யுற மனுஷன்" என்றார் ஸ்டேஷனரி கடை ஜான் பாஷா.

"பாவம் பார்த்தா பாதை மிஞ்சாது பாய்."

அடுத்த வாரம் அந்தச் சுவரில் 'கல்லைத் தொடாதீர்' என்று ஒரு பலகை ஏறியது. எழுத்து டீச்சருடையது. முத்து முத்தாக இருந்தது.

மூன்றாவது ஞாயிறு. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மேலேயிருந்து ஒரு குரல்.

"வழி வுடுங்க! வழி! வழி!"

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அதே மூங்கில் கழி. நடுவில் போர்வையைக் கட்டித் தொங்கவிட்ட டோலி. முன்முனை பூமாலையின் தோளில், பின்முனை ஓர் இளைஞன் தோளில். போர்வைக்குள் அவன் மனைவி கோகிலவாணி. நிறைமாதம். அவள் முனகல் கீழே வரை கேட்டது.

ஐந்து வளைவிலும் கழி எங்கேயும் நிற்காமல் திரும்பித் திரும்பி இறங்கியது. டீச்சர் பார்த்துக்கொண்டே நின்றாள்.

கடைசி வளைவில் கழி பலகையில் முட்டி நின்றது.

பூமாலை பின்னுக்கு நகர்ந்து மறுபடி திருப்பிப் பார்த்தார். ம்ஹூம். பின்னால் இருந்தவன் இன்னும் ஓர் அடி வைத்தால் பள்ளம். போர்வைக்குள் அவள் வீறிட்டாள்.

"மாமா, கீழ எறக்கி வெச்சுத் திருப்பிக்கலாம்!" என்றான் இளைஞன்.

"எறக்காதடா! எறக்காத!"

பூமாலை அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை.

ஜான் பாஷாவும் நான்கு பேரும் பள்ளத்துச் சரிவில் இறங்கி, பின்முனையைத் தலைக்கு மேல் தாங்கினார்கள். டீச்சரும் தோள் கொடுத்தாள். முள் கிழித்ததை யாரும் கவனிக்கவில்லை. எப்படியோ கழி திரும்பியது. அடிவாரத்தில் காத்திருந்த ஜீப் இருவரையும் ஏற்றிக்கொண்டு ஹாரன் அடித்தபடி பறந்தது.

வெறும் கழியோடு பூமாலை திரும்பி ஏறி வந்தபோது, டீச்சர் பலகையைக் கழற்றிக் கீழே போட்டிருந்தாள்.

"மன்னிச்சிடுங்கண்ணா. அன்னைக்கே சொல்லியிருக்கலாமே..."

"சொல்லத்தான் வந்தேன் டீச்சர். வாயில வரல."

அவர் கழியைச் சாய்த்து வைத்துவிட்டுக் கடப்பாரையை எடுத்தார்.

டீச்சருக்கு மனசு ஆறவில்லை. "ஆனா, கீழ எறக்கி வெச்சிருந்தா சுலபமா திருப்பியிருக்கலாமேண்ணா. ஏன் அப்படிக் கத்துனீங்க?"

பூமாலை கடப்பாரையைக் கல்லிடுக்கில் சொருகினார். சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

"முந்தின வருஷம் ஆடியில எம் வூட்டுக்காரிய இதே எடத்துலதான் எறக்கி வெச்சோம் டீச்சர். கழியத் திருப்பிக்கினு பாத்தா... அப்புறம் அவசரமாத் தூக்கினு ஓடுற வேல இல்லாம பூடுச்சு."